முத்துக்குளித்துறையின் மண்ணும் கடலும் மக்களும்

விழா மலர் என்றால் அதில் ஆயரின் ஆசியுரை இருக்கும். பங்குத்தந்தையின் முன்னுரை இருக்கும். பங்கின் வரலாறும் இருக்கும். நம் பங்கின் வரலாற்றை இம்மலரிலேயே வேறொருவர் எழுதியிருக்கிறார். நமக்குக் கொடுத்த பணி வேறு. நம் ஆலயம் நிற்கும் இந்தக் கடற்கரை எப்படி உண்டாயிற்று, இங்கு வாழ்ந்தவர்கள் எதைக் கொண்டு உண்டார்கள், உடுத்தார்கள், கோயில் கட்டினார்கள் என்பதை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். எளிய பணி என்றுதான் ஒப்புக்கொண்டோம். எழுத உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. இந்தக் கரை ஓரிடத்தில் நின்றதே இல்லை. ஆறும் கடலும் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றன. கரை நகர்ந்தபோதெல்லாம் துறைமுகம் மாறியது; தொழில் கைமாறியது; இலாபம் வேறொருவரிடம் போனது. கரையோரத்து மக்கள் மட்டும் கடலை விட்டு விலகாமல் அதன் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்கள். அந்த நடையின் கதையைத்தான் இங்கே சொல்ல முயல்கிறோம்.

நிலத்தின் அமைப்பு

தூத்துக்குடி மாவட்டம் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986 அக்டோபர் 20-ஆம் நாள் பிரிக்கப்பட்டது. அன்று அதற்கு இட்ட பெயர் வ.உ.சிதம்பரனார் மாவட்டம். மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் வேண்டாம் என்று 1990-களில் அரசு முடிவு செய்தபோது ஊர்ப்பெயரே நிலைத்தது. வடக்கே வேம்பாறு முதல் தெற்கே பெரியதாழை வரை கரையின் நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். எதிரே மன்னார் வளைகுடா. அதற்கப்பால் இலங்கை. அந்தத் தீவு பெரும் அலைகளுக்குக் குறுக்கே மதில் போலக் கிடப்பதால்தான் 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினமும் குளச்சலும் கண்ட பேரழிவை நம் கரை காணவில்லை.

மாவட்டத்தின் வடக்கும் வடமேற்கும் கரிசல் நிலம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம். பருத்தியும் தீப்பெட்டியும் அங்குள்ளவர்களின் பிழைப்பு. தெற்கே சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழி ஆகிய இடங்களில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். ஆடி மாதக் காற்றில் அந்த மணல் நடந்து போகும்; நேற்றிருந்த பாதை இன்று இராது. அந்த மணலில் வேரூன்றி நின்றது பனை ஒன்றுதான். பனையேறிய மக்களின் உழைப்பே உடன்குடிக் கருப்பட்டி. நம் மறைமாவட்டத்தில் கடற்கரைப் பங்குகளைப் போலவே தேரிப் பங்குகளும் உண்டு என்பதையும், இரு சாராரின் வியர்வையும் ஒரே உப்புதான் என்பதையும் கடற்கரைக்காரர்களாகிய நாம் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

மழை இங்கே குறைவு. மாநிலச் சராசரிக்கும் கீழே. வெயிலும் காற்றும் மிகுதி. காற்றுக்கு நம்மவர் வைத்த பெயர்கள் பள்ளிப் புத்தகத்தில் இல்லாதவை. மேற்கிலிருந்து வீசுவது கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம். காற்றின் பெயர் தெரியாதவன் கடலுக்குப் போனால் திரும்பி வருவது தேவனின் இரக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் நடுவே, பொதிகை மலையில் பிறந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாமலேயே கடல் சேரும் ஆறு தாமிரபரணி. நம் கதையின் தலைவி அவள்தான்.

ஆறு தள்ளிய துறைமுகங்கள்

ஏரலுக்கு அருகில் கொற்கை என்ற சிற்றூர் இருக்கிறது. வாழைத் தோட்டமும் நெல் வயலும் குளமும் சூழ்ந்த ஊர். கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இன்று அங்கே போகிறவர் யாரும் அது பாண்டியரின் துறைமுகம் என்று நம்பமாட்டார். ஆனால் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூலும், அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலும் 'கொல்கோய்' என்று குறிப்பது இந்த ஊரைத்தான். முத்துக்குளிப்பு அங்கே நடந்ததாக அவை கூறுகின்றன. அக்கசாலை என்ற பெயர் அவ்வூர்ப் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. பொன்னும் நாணயமும் செய்யும் இடம் என்பது அதன் பொருள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. சங்குத் துண்டுகள் நிலத்தின் மேலேயே கிடைத்தன. கடல் இல்லாத ஊரில் சங்கு!

கடல் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தாமிரபரணி ஆண்டுதோறும் மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலை முகத்துவாரத்தில் கொட்டினாள். முகத்துவாரம் தூர்ந்தது. கப்பல் வரமுடியாமல் போயிற்று. நிலம் கிழக்கே வளர்ந்தது. வணிகர்களும் கடலோடிகளும் நிலத்தின் பின்னால் நடந்து, புதிய முகத்துவாரத்தில் காயல் என்ற துறைமுகத்தை உண்டாக்கினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வியந்து எழுதிய 'காயில்' இதுவே. ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அங்கு வந்தன என்கிறார் அவர்.

அந்தக் காயல் எது என்பதில் வழக்கு உண்டு. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் (அவர் நம் சபையினர் அல்லர்; ஆனால் இம்மண்ணின் வரலாற்றை அவரைப் போல நேசித்தவர் குறைவு) பழையகாயலே அது என்று வாதிட்டார். அங்கே தோண்டிப் பார்த்துச் சீன, அரபுப் பாண்டங்களின் உடைந்த ஓடுகளையும் எடுத்துக் காட்டினார். 1881-இல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்றில் இச்செய்திகள் உள்ளன. நமக்கும் அவர் கட்சியே சரியாகப் படுகிறது. காயல்பட்டினத்து அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

பழையகாயலும் கொற்கையைப் போலவே தூர்ந்தது. கரை மறுபடி நகர்ந்தது. அடுத்து எழுந்தது புன்னைக்காயல். போர்த்துகீசியர் கோட்டை கட்டியதும், நம் மறையின் முதல் வித்துகள் ஊன்றப்பட்டதும் அங்கேதான். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல்: ஒரே ஆற்றங்கரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கி நகர்ந்த மூன்று ஊர்கள். புன்னைக்காயல் இன்றும் ஆற்றின் வாயில் நிற்கிறது. ஆனால் பெரிய கப்பல்களுக்கு அது போதவில்லை. ஆற்றைச் சாராத, தீவுகள் காவல் நிற்கும் தூத்துக்குடியின் முறை அதன் பின்னர் வந்தது.

முத்து யாருக்கு?

மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பார் என்பார்கள். சிப்பி படிந்த பார் முத்துப்பார். மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் பாலைப் போல அடங்கியிருக்கும் நாட்களில் குளிப்பு நடக்கும். அதிகாலையில் நிலக்காற்றைப் பிடித்துத் தோணிகள் ஒன்றாகக் கிளம்பும். குளிப்பவன் ஒரு கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கி, எட்டுப் பத்துப் பாகம் ஆழம் இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் அசைவையே பார்த்திருப்பான். அந்தக் கயிறு கையில் இருப்பவனுக்கு உறவுக்காரனையே தேடுவது வழக்கம். அதில் பொருள் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக அவன் கவனம் பிசகினால் வீட்டில் ஒரு தாலி அறுபடும்.

சுறாவுக்கு அஞ்சி 'கடல்கட்டி' என்பவரை வைத்துக்கொள்வதும் உண்டு. அவர் மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுவார் என்பது நம்பிக்கை. மார்க்கோ போலோ காலத்திலேயே அந்த ஆளுக்கு இருபதில் ஒரு பங்கும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் போயிற்று. பிற்காலத்தில் அரசின் பங்கு வளர்ந்துகொண்டே போனது. ஆங்கிலேயர் ஆட்சியில் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு. அதுவும் முத்தாக அல்ல, திறக்காத சிப்பியாக. உள்ளே முத்து இருந்தால் அவன் பாக்கியம்.

இந்த முத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் நம் மக்கள் மறையைத் தழுவிய வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலில் ஆதிக்கம் அரபு வணிகத்தோடு தொடர்புடையவர்களிடம் இருந்தது. பரதவருக்கும் அவர்களுக்கும் 1530-களில் பெருங்கலகம் மூண்டது. காதணியோடு காது அறுபட்ட கதையை நம் வீடுகளில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அது நடந்திருக்கலாம். ஆனால் ஒரு காதணிக்காக ஒரு கரை முழுவதும் கொதித்தெழாது. முத்துப்பாரில் யார் இறங்குவது, அதன் வருவாய் யாருக்கு என்ற பழைய பகை உள்ளே புகைந்துகொண்டிருந்தது. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் நம்மோடு அதே கடலில் குளித்தவர்கள். அவர்களுக்கும் அதே பசி. இன்று இதை நிதானத்தோடு சொல்ல முடிகிறது என்பதே நல்ல காலத்தின் அடையாளம்.

ஜான் தெ குரூஸ் என்ற வணிகரின் ஆலோசனைப்படி பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை வேண்டினார்கள். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். இது ஓர் உடன்படிக்கை. கடலில் காவல் ஒருபுறம். மறையும் முத்தின் வரியும் மறுபுறம். இதைச் சொன்னால் நம் விசுவாசத்தின் பெருமை குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நமக்கு அவ்வச்சம் இல்லை. பசியோடும் பயத்தோடும் வந்தவர்களை ஆண்டவர் எப்போது திருப்பி அனுப்பினார்?

வந்தவர்களுக்குக் கற்பிக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் மணப்பாட்டுக்கு வந்து சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார் கண்டது இதைத்தான். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று அவரே தம் மடலில் எழுதுகிறார். தமிழ் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசுவாச அறிக்கையையும் செபங்களையும் மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராக நடந்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று அவர் எழுதியது உலகறிந்த செய்தி. அதே மடல்களில் அரசு அதிகாரிகளின் அநியாயத்தை, கொள்ளையை, மக்களை வருத்துவதை அவர் எத்தனை முறை கண்டித்திருக்கிறார் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. இக்கரையின் வரியில் ஒரு பகுதி போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர்களுக்குத் தந்துவிடுமாறு அரசியையே கேட்டுப் பெற்றார் அவர். முத்துக்குளிப்பவனின் மூச்சுக்காற்று லிஸ்பன் அரண்மனையில் ஒரு காலணி வாரானதை நினைத்துப் பாருங்கள்.

1544-இல் வடுகர் படை தென்கரையில் புகுந்தது. மக்கள் ஊரை விட்டோடிக் கன்னியாகுமரிக் கடலின் பாறைகளில் ஏறி, பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் இருபது தோணிகளில் உணவை ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். அது ஜூன் மாதம். எதிர்க்காற்று விடவில்லை. எத்தனை நாள் துடுப்புப் போட்டும் முனையை எட்ட முடியவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பி, பிறகு தரைவழியாக நடந்து போய் அம்மக்களைப் பார்த்தார். நம் பெரியவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் ஆனியில் கச்சானுக்கு எதிரே தெற்கே தோணி விடாதீர்கள் என்று சொல்லியிருப்பார். சொல்லியுமிருப்பார்கள், புனிதர் கேட்டிருக்கமாட்டார்.

முதல் அச்சு

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு, தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான நூல்களில் இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றுள் அதுவே பழமையானது. பதினாறு பக்கம். அதன் படி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இக்கரையின் மக்கள். அடுத்து 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சாயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. அடிகளார் 1600-இல் இறந்தார். நம் மாவட்டம் பிறந்ததும் ஓர் அக்டோபர் 20-இல் என்பது தற்செயல்தான். ஆயினும் நமக்கு மகிழ்ச்சி.

கோட்டைகள் மாறின

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். பால்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் நம் மக்களைத் தம் சபைக்குத் திருப்ப முயன்று தோற்றார். பாதுகாப்புக்காகக் கத்தோலிக்கரானவர்கள் என்றால், பாதுகாவலன் மாறியதும் இவர்களும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? மாறவில்லை. 120 ஆண்டுகளில் உடன்படிக்கை உள்ளத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. இலங்கையில் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்குத் தொண்டு செய்ய, மாறுவேடத்தில் புனித யோசேப்பு வாஸ் 1687-இல் கப்பலேறியது இந்தத் தூத்துக்குடியிலிருந்துதான்.

பனிமய அன்னையின் இன்றைய ஆலயம் 1713-இல் டச்சு ஆட்சியிலேயே நேர்ந்தளிக்கப்பட்டது. முதல் பொற்தேர் 1806-இல் ஓடியது. 1982-இல் அது பேராலயம் ஆயிற்று. இடையில் 1825-இல் ஊர் இறுதியாக ஆங்கிலேயர் வசமானது. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் முறையில் இந்தியர் ஒருவர் ஆயரானது அதுவே முதன்முறை. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை, விரிக்கவில்லை.

போர்த்துகீசியர் போனபின் எஞ்சியவை நம் நாவிலும் அடுக்களையிலும் இருக்கின்றன. மேசை, அலமாரி, சாவி, சன்னல், குசினி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்த மக்ரூன் கடைகள் தூத்துக்குடியில் எத்தனை! மழைநாளில் மக்ரூன் பதம் வராது என்பதும் ஒரு நிலநூல் செய்திதான்.

தோணியும் துறைமுகமும்

1876-இல் ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பலேறிக் கொழும்புக்குப் போவதே, 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, பெருவழக்காக இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைகளும், கொழும்பில் கடை வைத்த நம் வணிகக் குடும்பங்களும் ஒரே துறையில் நின்றார்கள். ஏறிய தட்டுகள்தாம் வேறு. பரதர் இன்றும் இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் தனி இனமாக எண்ணப்படுகிறார்கள்.

தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை ஏற்றவும் இறக்கவும் தோணிதான் வழி. தோணிக்காரர்கள் இல்லாமல் ஒரு மூட்டைப் பஞ்சு கூடக் கப்பலேறாது. நம் ஊர்களில் மாடி வீடு கட்டியவர்களும் சம்மாட்டிகளும் அந்தக் காலத்துத் தோணியால் எழுந்தவர்களே. கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள் ஓலைக் குடிசையில்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் துறையில். 1908-இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றதும் இந்த ஊரில்தான்.

கப்பல் நேரே வந்து அணையும் புதிய துறைமுகம் 1974 ஜூலை 11-ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழையதும் புதியதும் 1979 ஏப்ரல் முதல் நாள் ஒன்றாக்கப்பட்டன. 2011-இல் அதற்கு வ.உ.சி.யின் பெயர் வைக்கப்பட்டது. நகரம் வளர்ந்தது. அனல்மின் நிலையம் வந்தது, உரத்தொழிற்சாலை வந்தது, பெட்டகக் கப்பல்கள் வந்தன. தோணிக்குக் கப்பலிடம் வேலை இல்லாமல் போயிற்று. சில தோணிகள் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் பிழைத்தன. தோணி ஓட்டியவரின் மகன் துறைமுகத்தில் எழுத்தரானது உண்டு. துறைமுக வாசலில் டீக்கடை வைத்ததும் உண்டு. இரண்டையும் நம் பங்கிலேயே காணலாம்.

உப்பும் மீனும்

மழை குறைவு, வெயில் மிகுதி என்று முன்னே சொன்ன குறையே உப்புக்கு வரமானது. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில். நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாகக் காயவைத்து வாரி எடுக்கிறார்கள். வெள்ளை வெளேரென்ற அம்பாரத்தைப் பார்ப்பவருக்கு அழகு. நாள் முழுதும் அதன் மேல் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கண் கூசிப் பார்வை மங்கும், பாதம் வெடிக்கும். ஐப்பசியில் மழை இறங்கினால் தை வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. உலைக்குப் போடும் உப்பின் விலையில் அவர்களின் கூலி எத்தனை காசு என்று நாம் யாரும் கேட்பதில்லை.

முத்துக்குளிப்பு 1955-இல் மீண்டும் தொடங்கி 1961 வரை நடந்தது. நம் பக்கத்துக் கடலில் நடந்த கடைசிக் குளிப்பு அதுவே. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆய்வு வென்றது, கரையில் தொழிலாக வேரூன்றவில்லை. சங்குக்குளிப்பு மட்டும் நின்றது. அதிலும் முன்னாளில் கல்லைக் கட்டி இறங்கினார்கள். பின்னர் குழாயில் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கலானார்கள். மூச்சடக்கும் வித்தையோடு பழைய எச்சரிக்கையும் போயிற்று.

மீன்பிடிப்பிலும் இதே கதை. விசைப்படகுகள் 1960-களுக்குப் பின் பெருகின. கட்டுமரத்தானும் வள்ளக்காரனும் ஒருபுறம், இழுவைமடிக்காரன் மறுபுறம் என்று ஒரே ஆலயத்தில் பூசை காண்பவர்கள் கடலில் பகைத்துக்கொண்டார்கள். 1983-இன் கடல்மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. ஆண்டுதோறும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் வந்தது. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள். தடைக்காலத்தில் மீன் பெருகுகிறது என்று இரு சாராரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் வீட்டு அடுப்பை எப்படி எரிப்பது என்பதில்தான் பேச்சு முடியவில்லை.

தொழிற்சாலைகள் தந்த வேலையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் புகையும் கழிவும் யார் வீட்டு வாசலில் என்ற கேள்வி எழுந்து, 2018 மே மாதத்தில் 13 உயிர்கள் துப்பாக்கிச் சூட்டில் போயின. அவர்களை நினைக்காமல் இக்கரையின் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை.

மூழ்கும் தீவுகள்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவை வான்தீவு, காசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி. இவற்றுள் விலாங்குச்சல்லி நீரில் மூழ்கிவிட்டது. வான்தீவு தேய்ந்து சிறுத்து, 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் அதைக் காத்து வருகிறார்கள். காரணம் நாம் அறியாததன்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். நம் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரைச் சுரண்டினால் அந்தப் பவளக்கல் இன்றும் தெரியும். 1986-இல் கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் பவளப்பாறையும் கடலட்டையும் சட்டத்தின் கடுங்காவலுக்குள் வந்தன. தீவுகளே இல்லாவிட்டால் தூத்துக்குடிக்கு அலைகாவல் இல்லை. கொற்கையைக் கடலிலிருந்து தள்ளிவைத்தது வண்டல். இப்போது ஆற்றில் அணைகளும் மணல் அள்ளுதலும் மிகுந்து, வண்டல் வருவது குறைந்து, சில ஊர்களில் கடல் திரும்பி வந்து வீட்டுப் படியைத் தட்டுகிறது.

ஆறும் ஒருமுறை திரும்பி வந்தாள். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் பெய்யாத மழை ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றுவிட்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் வெள்ளக்காடாயின. புன்னைக்காயல் துண்டிக்கப்பட்டது. உப்பளங்கள் கரைந்தன. கொற்கையைச் சுற்றிய வயல்களில், பல நூறு ஆண்டுகளுக்குப் பின், தோணி ஓடும் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

அன்று கடற்கரை ஊர்களிலிருந்து இளைஞர்கள் வள்ளங்களையும் பைபர் படகுகளையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கே போனார்கள். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை. மாடியிலும் கூரையிலும் நின்றவர்களை இறக்கி எடுத்தார்கள். பால் பாக்கெட்டும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. போனவர்களில் நம் பங்கினரும் சிலர். திரும்பி வந்தபோது ஒரு படகின் அடிப்பலகை வாழைத்தோட்டத்து வேலிக்கல்லில் மோதி உடைந்திருந்தது. அதைச் சரிசெய்து கடலில் இறக்க அவருக்குப் பதினைந்து நாளாயிற்று. கச்சானுக்கு முன் இறங்கிவிட்டதில் அவருக்குத் திருப்தி.